இலத்தூருக்குப் போன குடங்கள்

சாரல் காலத்தில் குற்றாலம் வருகிறவர்கள் அருவிக்கரையில் வீசிவிட்டுப் போகும் ஷாம்பு பாக்கெட்டுகளைப் பொறுக்குவது என் ஞாயிற்றுக்கிழமை வழக்கம். யாரும் சொல்லிச் செய்வதில்லை. குப்பையைக் கண்டால் எனக்கு ஆகாது.

பூச்சிமருந்துக் கம்பெனியில் என் வேலையும் அதுதான். மருந்தை விற்றதோடு பொறுப்பு தீர்ந்துவிடாது. காலி கேன்களை விவசாயிகளிடமிருந்து திரும்ப வாங்கி, கழுவி, உருக்கி, வேலிக்கம்பம் செய்துகொண்டிருந்தோம்.

ஒருமுறை கழுவிய தண்ணீர் வாய்க்காலில் கலந்து மீன்கள் செத்து மிதந்தன. இலத்தூர்ப் பெண்கள் ஆலை வாசலை மறித்தார்கள். மாடத்தி என்பவள் வாய்க்கால் தண்ணீரைச் செம்பில் மொண்டு என் வாயருகே நீட்டினாள்.

"மேனேசர் சார், ஒரு மடக்கு குடிங்க பாப்போம். குடிக்காம இங்கனயிருந்து போவ விடமாட்டோம்லா."

நான் குடிக்கவில்லை. செம்போடு என் தலையில் கவிழ்த்தாள். என் ஆட்களும் சேர்ந்து சிரித்தார்கள். அந்தச் சட்டையை இன்னும் துவைக்காமல் வைத்திருக்கிறேன்.

அவர்கள் கேட்டது நியாயம். மறுநாளே கழுவுவதை நிறுத்தினேன். ஆலையிலிருந்து ஒரு சொட்டுக் கழிவுநீர் வெளியேறவில்லை. கம்பெனி எனக்குச் சால்வை போர்த்தியது.

கழுவாத கேன்களை உருக்கித் தண்ணீர்க் குடம் செய்யலாம் என்று சொன்னவன் நான்தான். பச்சை நிறக் குடம், அதில் ஓர் இலைப் படம். இலத்தூருக்கு இலவசம் என்றேன்.

சோதனைக்கூடத்து ஸ்வாதி பதறிக்கொண்டு வந்தாள். "சார், குடத்துத் தண்ணியில மருந்து எறங்குது. ஊருக்குள்ள அனுப்பிராதீங்க."

"அனுப்பமாட்டேன்" என்றேன். நம்பினாள். அவளை வாசுதேவநல்லூர்க் கிடங்குக்கு மாற்றிவிட்டு, லாரியில் குடங்களோடு நானே போனேன்.

மாடத்தியின் மகள் அனுசியா பிரசவத்துக்கு வந்து பிள்ளை பெற்றிருந்தாள். வீட்டில் புட்டிப்பால் குடிக்கும் குழந்தை இருப்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் முதல் குடத்தை அங்கே கொடுத்தேன். பிள்ளைக்கும் இதிலேயே தண்ணீர் பிடித்து வையுங்கள் என்றும் சொன்னேன்.

சாரல் ஓயுமுன் குழந்தை போய்விட்டது. அனுசியா இன்னும் ஆஸ்பத்திரியில்தான் கிடக்கிறாள்.

அந்த முதல் குடத்தை வாங்கும்போது மாடத்தி தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள்: "அன்னைக்கு ஆத்திரத்துல ஊத்திப்புட்டேன் சார். மனசுல வச்சிருக்கியளா?"

இல்லை என்றேன். உங்களிடமும் அதையேதான் சொல்கிறேன். எனக்கு யார் மேலும் கோபம் கிடையாது.