வெண்ணந்தூர் தறித்தெருவில் நான் கேட்ட தவறான கேள்வி

அவைக்குத் தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் நெசவாளர் சங்கத் தலைவர் அருணகிரி அய்யா அவர்களே! சேலத்திலிருந்து வந்து மேடையை அணிசெய்யும் சுகாதார அதிகாரி அவர்களே! தறியை நிறுத்திவிட்டுத் தமிழ் கேட்க வந்த பெரியோர்களே! தாரில் நூல் சுற்றுவதைப் பாதியில் விட்டு, இடுப்பில் பிள்ளையோடு முன்வரிசை பிடித்திருக்கும் தாய்மார்களே! அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

நான் மேடை கண்டவள் அல்ல. கல்லூரியில் உணவியல் கற்பிக்கிறவள். கேள்வி கேட்பது என் வேலை. இந்த ஊரில் நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "நேற்று என்ன சாப்பிட்டீர்கள்?" எளிய கேள்வி, இனிய கேள்வி. அதில்தான் இடறி விழுந்தேன்.

சென்ற மாதம் அறுபத்து நான்கு கர்ப்பிணிகளிடம் கேட்டேன். யாருக்குச் சத்துமாவு தருவது என்று முடிவு செய்ய நடந்த ஆய்வு அது. அவர்களில் தங்கமுத்து ஆறு மாதக் கர்ப்பிணி. தறிக்குழி ஓரத்தில் உட்கார்ந்து சொன்னார்: "காலையில இட்டிலிங்க. மத்தியானம் அரிசிச் சோறு, பருப்பு, கீரைங்க. படுக்கறப்ப ஒரு டம்ளர் பாலுங்க."

பக்கத்திலிருந்த மாமியார் சென்னியம்மாள் தலையசைத்தார். நான் எழுதினேன், "போதுமான உணவு" என்று. தங்கமுத்துவுக்கு மட்டுமா? ஐம்பது பேருக்கு அப்படியே எழுதினேன்.

சிரிக்கிறீர்களா அம்மா? இந்தச் சிரிப்பை அன்றைக்கே சிரித்திருந்தால் எனக்கு ஒரு மாத அலைச்சல் மிச்சம்!

பிறகு இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. என் தாள் நிறைந்திருந்தது, அவர்கள் இரத்தம் குறைந்திருந்தது. ஹீமோகுளோபின் பதினொரு கிராம் இருக்க வேண்டிய இடத்தில் தங்கமுத்துவுக்கு ஏழு.

மறுபடி போனேன். நல்ல உச்சி வெயில். சேலம் சூரமங்கலத்தில் பஸ் ஏறியதிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வாசலிலேயே தங்கமுத்து கேட்டார்: "வாங்க டீச்சர், சாப்பிட்டீங்களா?"

"ஆச்சுங்க" என்றேன்.

யோசிக்கவே இல்லை! பொய்யா அது? ஏமாற்றவா சொன்னேன்? ஒரு வீட்டுக்காரியை அவசரமாக அடுப்பை மூட்ட வைக்கக் கூடாது என்றல்லவா சொன்னேன்! அப்படியானால் அவர் சொன்னது மட்டும் என்ன? வந்தவள் முன்னால் தன் வீடு தலைகுனியக் கூடாது என்ற அதே மரியாதை அல்லவா? மரியாதையை வாங்கி, மதிப்பெண்ணாகப் போட்டுக்கொண்டு போனவள் நான்.

"இல்ல தங்கமுத்து, பொய் சொல்லிட்டேன். காலையிலிருந்து ஒண்ணுமே சாப்பிடல" என்றேன்.

அவர் குலுங்கிச் சிரித்தார். "அட சாமி, நீங்களுமா! ஏனுங்க டீச்சர், ஊட்டுக்கு வந்தவங்ககிட்ட களியும் கரைச்ச மோருந்தான்னு சொல்றதுங்களா? எங்கத்தை மூஞ்சிய எங்க வெச்சுக்குவாங்க?"

"எம்மூஞ்சிக்கு என்ன கேடு?" என்றார் சென்னியம்மாள் உள்ளேயிருந்து. "சொல்லிப்போடு புள்ள. எல்லாரும் உண்ட பொறவு சட்டியில மிஞ்சுனாத்தான உனக்கு!"

மிஞ்சிய களியை அன்று மூவரும் பங்கிட்டோம். அன்று முதல் கேள்வியை மாற்றினேன். "என்ன ஆக்குனீங்க? யார் யாருக்குப் போட்டீங்க? சட்டியில என்ன மிச்சம்?" அவரவர் வீட்டுக் கரண்டியாலேயே அளந்தேன். ஐம்பது பேரில் நாற்பத்தொரு பேருக்கு மிஞ்சியது அரை வயிற்றுக்கும் காணாது.

பெயர் சொல்லிப் பேசலாமா என்று தங்கமுத்துவிடம் கேட்டுத்தான் வந்தேன். "சொல்லுங்க டீச்சர், அப்பத்தான் மத்தவளும் வாயத் தொறப்பா" என்றார்.

அதிகாரி அவர்களே! தவறான தகவல் தந்தவர்களை நீக்கிவிட்டு மீதிப்பேரை வைத்து ஆய்வை முடிக்கலாம் என்று காலையில் சொன்னீர்கள். யாரை நீக்குவது? விருந்தாளியை மதித்த நாற்பத்தொரு பெண்களையா? கேட்கத் தெரியாமல் கேட்ட என் கேள்வியையா? தங்கள் முன் கையெழுத்துக்கு இருப்பது சத்துமாவு பெறுவோரின் என் பழைய பட்டியல். அதில் தங்கமுத்து இல்லை. மறு ஆய்வுக்கு ஆறு மாதம் ஆகும் என்கிறீர்கள். அவருக்கு இருப்பது இரண்டு மூன்று மாதம்தான். கோப்பு காத்திருக்கும், கருவிலிருக்கும் குழந்தை காத்திருக்குமா?

இதோ திருத்திய பட்டியல். என் முதல் கணக்கு தவறு என்று என் கைப்பட எழுதி மேலே இணைத்திருக்கிறேன். அந்த வெட்கம் எனக்கு, அந்த மாவு அவர்களுக்கு!

கொஞ்சம் பொறுங்கள் தாய்மார்களே, கைதட்டல் பிறகு. அதிகாரி அய்யா கையெழுத்துப் போடப் பேனாவைத் தேடுகிறார். இதோ, என்னுடையதை வாங்கிக்கொள்ளுங்கள் அய்யா.

எனக்கு உண்மை சொன்னவர்களுக்கும், என் மனம் நோகாதிருக்கப் பொய் சொன்னவர்களுக்கும் நன்றி. எல்லோரையும் கைகூப்பி வணங்குகிறேன்.