தூக்கும்போது பிடித்த கை

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஒருவரும் அவருடைய மனைவியின் தம்பியும் உட்கார்ந்திருந்தார்கள். தம்பி காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றினான்.

"செம பேய்க்கதை மச்சான். பொணம் கையப் புடிக்குது."

"என் கையக்கூட புடிச்சிருக்கு" என்றார் அவர்.

நான் படித்துக்கொண்டிருந்த பேப்பரை மடித்தேன்.

"சுனாமி அன்னிக்கு நாங்க பாடிங்கள வேன்ல ஏத்திக்கிட்டு இருந்தோம். ஒரு மீனவப் பொண்ணத் தூக்குனேன். என் மணிக்கட்ட இறுக்கிப் புடிச்சிக்கிச்சி."

"போட்டுட்டு ஓடிட்டீங்களா?"

"ஓடுனேன், அதத் தூக்கிக்கிட்டுதான். ஆஸ்பத்திரி போற வரைக்கும் அது புடிய விடல."

"பொழச்சிச்சா?"

"பொழச்சிருச்சி. ஆனா கூடப்பொறந்த அண்ணன் தம்பி ரெண்டு பேரையும் கடல் கொண்டுபோயிடுச்சி. இன்னிக்கு நாம போறது அது பொண்ணு கல்யாணத்துக்குத்தான்."

தம்பி பையிலிருந்து கல்யாணப் பத்திரிகையை எடுத்து விரித்தான்.

"தாய்மாமன் அபூபக்கர்னு உங்க பேரப் போட்டிருக்கே மச்சான். பிரஸ்காரன் தப்பா அடிச்சிட்டான்னுல்ல நெனச்சேன்."

"தப்பெல்லாம் இல்ல. சரியாத்தான் போட்டிருக்கான். நான் போயி மால போட்டாத்தான் பொண்ணு மேடைக்கே வரும்."