வலது கையால் கொடுத்த சாப்பாட்டுப் பை

— பெட்டியை ஏன் ஐசே கட்டுறீர், அம்மையப்பன்? உமக்கு லீவு இன்னும் வரேல்லையே.

— லீவு இல்லண்ணே. கலாஸ், எல்லாம் முடிஞ்சுது. எப்படியும் கம்பெனி ஊருக்கு அனுப்பிரும். அதுக்கு முன்னாடி நானே கட்டி வச்சிட்டா மரியாதையாப் போகும்ல.

— ஆர் அனுப்புறது? உம்மட நோக்கியாவுக்கு எத்தனை தரம் அடிச்சனான். ஹோட்டல்ல ட்யூட்டி முடிய நேரே கேம்புக்கு வாறன். எங்கட ஹோட்டல்ல தங்கியிருக்கிற அந்தப் பிரெஞ்சு சைக்கிள் டீம்காரர் உம்மை விசாரிச்சவை.

— பாத்தீங்களா அரியரத்தினம் அண்ணே, சொன்னேன்ல. சும்மாவா விசாரிச்சிருப்பாங்க?

— டீம் மனேஜர் உம்மைப் பிரெஞ்சில ஏசின ஏச்சை, நான் பாரிசில கோப்பை கழுவேக்கைதான் கடைசியாக் கேட்டனான். அது கிடக்கட்டும். என்ன செய்தனீர்?

— அவங்க ஆளு ஒருத்தருக்கு வயித்துக்கு முடியலன்னு, குவாரியிலேர்ந்து என்னை அனுப்புனாங்க. வேலை லேசுதான். இந்த ராஸ் அல் கைமா மலை ரோட்டோரம் நின்னு, ரேஸ் சைக்கிள்ல வர்றவருக்குச் சாப்பாட்டுப் பையை நீட்டணும். அவரு நிக்காம பறிச்சிட்டுப் போயிருவாரு.

— பிறகென்ன பிழை?

— டீம்காரன் என்னை ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிக்க விட்டுட்டாண்ணே. வர்றவரைப் பாத்து நின்னா, ரோடு என் இடது கைப் பக்கம். இடது கையாலயே நீட்டுங்கிறான். சாப்பாடுண்ணே. ஒரு மனுசன் வேர்த்து விறுவிறுத்து வாராரு, அவருக்குப் போயி இடது கையால...

— ஐயோ. வலக்கைக்கு மாத்தினீரோ?

— மாத்தி, உடம்பைத் திருப்பி, நீட்டுறதுக்குள்ள என் மேலயே வந்துட்டாரு. பிரேக் போட்டு, கால ஊணி நின்னுட்டாரு. முதல் ஆளா வந்தவருண்ணே. பின்னாடி கண்ணுக்கெட்டுன மட்டும் ஒருத்தனும் இல்ல. அவரு கிளம்புனதும் தண்ணி லாரியில ஏறி ஓடியாந்துட்டேன்.

— ஆளைத் தெரியுமோ? பெர்த்தோ. எங்கட ஹோட்டல்ல மூண்டாம் மாடி. பெரிய சாம்பியன் எண்டு நினையாதையும். தண்ணிப் போத்தல் காவுற ஆள். டீமில தலைவர் எண்டு ஒருத்தன் இருப்பான். அவனுக்குக் காத்து மறைக்கிறது, அவன்ர சில்லு காத்துப் போனா தன்ரயைக் கழட்டிக் குடுக்கிறது, இதுதான் இவன்ர சீவியம். ஒரு ஓட்டமும் வெண்டதில்லை.

— நம்மள மாதிரி ஹெல்ப்பர்னு சொல்லுங்க.

— ஓம், சைக்கிள் ஹெல்ப்பர். ஒருக்கா பிரான்சில, தன்ர ஊர் மலையில, தனிய முன்னால போனவனாம். தாய் தகப்பன் ரோட்டில நிண்டு பாத்தவை. இவையின்ர காதில ஒரு வயர் இருக்கும், மனேஜர் அதுக்குள்ளால கத்துவான். நில், தலைவர் வரட்டும் எண்டானாம். நிண்டிட்டான் ஐசே, பெத்த தாய்க்கு முன்னால. எல்லாரும் கடந்து போச்சினம். நேற்றுக் காலமைச் சாப்பாட்டு மேசையில எனக்குப் பகிடியாத்தான் சொன்னவன். ஆனா பாணைப் பிச்சுப் பிச்சுப் போட்டானே தவிர, ஒண்டும் தின்னேல்லை.

— அடப்பாவமே. இன்னைக்கு நான் வேற நிப்பாட்டிட்டேன்.

— இண்டைக்குத்தான் அவனுக்குக் கடைசி ஓட்டம். இனி ஊருக்குப் போய்த் தகப்பன்ர பேக்கரியைப் பாக்கப்போறானாம்.

— போதும்ணே. பெட்டியை மூட விடுங்க.

— விசர்க் கதை கதையாதையும். அவன் வெண்டிட்டான்.

— யாரு?

— பெர்த்தோதான். தனிய வந்தான், முதலாவதா. முடிவுக் கோட்டைத் தாண்டின பிறகும் கையைத் தூக்கத் தெரியேல்லை அவனுக்கு. பழக்கமில்லைத்தானே.

— சத்தியமாவாண்ணே? பெறகு எதுக்கு அந்த மனேஜர் என்னையத் திட்டுறான்?

— இண்டைக்கும் நில், தலைவர் வரட்டும் எண்டு வயருக்குள்ள கத்தினவனாம். இவனுக்குக் கேக்கேல்லை. பை தந்தவரின்ர கை பட்டு வயர் கழண்டு விழுந்திட்டுது, பாவம், தெரியாம நடந்தது, அவரை ஒருத்தரும் ஒண்டும் சொல்லக்கூடாது எண்டு பெர்த்தோ எல்லாருக்கும் முன்னால சொல்லிப்போட்டான். உம்மட கம்பெனிக்கும் சொல்லியாச்சு. வேலைக்கு ஒண்டுமில்லை. தன்னோட சாப்பிட உம்மைக் கூட்டிவரட்டாம். யல்லா, சட்டையை மாத்தும்.

— என் கை படவே இல்லையேண்ணே.

— பட்டிருக்கும். பதட்டத்தில உமக்குத் தெரிஞ்சிராது.

— இல்லண்ணே, சத்தியமா. நின்னாருல்ல, பையை வாங்கித் தோள்ல மாட்டுனாரு. காதுக்குள்ள எவனோ கத்துறது எனக்கே கேட்டுச்சு. ரோட்டைப் பாத்தாரு, என்னையப் பாத்தாரு. அப்புறம் அவரே வயரைக் கழட்டி, என் வலது கையில வச்சு, விரலை மூடிட்டுப் போனாரு. இந்தாங்க, சட்டைப் பையிலதான் இருக்கு.