இருபத்தாறாவது பிரதி

மாலை நாலே முக்கால். நவம்பர் மாதம்... விஸ்கான்சினில் அந்நேரமே இருட்டிவிடும். ஒரு மண் சாலை. அதில் ஒரே ஒரு வண்டி. ஓட்டியவர் டெர்ரில், என் நண்பனின் மச்சான், படங்களுக்குச் சட்டம் போடுபவர். பக்கத்தில் சிகாகோக்காரர் பிரெஸ்காட். புகைப்படக்காரர் என்றால் முகம் சுருங்கிவிடும். "கலைஞர்" என்று சொல்ல வேண்டும்.

சிரிக்காதீர்கள். அடுப்பில் இன்னொரு கட்டை போடுங்கள்.

இந்த ஆள் எடுப்பதெல்லாம் பழைய மரக் கொட்டகைகள். ஒரு குடும்பத்தின் பிழைப்பு இடிந்து கிடந்தால் இவருக்கு அது "மௌனம் மூன்று" என்று தலைப்பு வைத்த படம். தீவனப் புல்லுக்கும் வைக்கோலுக்கும் வித்தியாசம் தெரியாது. ஒரு படத்துக்கு இருபத்தைந்து பிரதிகள்தான். ஓரத்தில் பென்சிலால் 1/25, 2/25 என்று எழுதிக் கையெழுத்து. சோபா நிறத்துக்குப் பொருந்தினால் வாங்குவார்கள். எனக்கு இவர்களைக் கண்டாலே எரிச்சல்.

அக்டோபரில் எங்கள் பக்கத்து லவோன் அம்மாளின் பழைய மாட்டுக் கொட்டகையை எடுக்க வந்தார். கதவுக்கு வெளியே குறுக்குக் கட்டை. அந்த அம்மாள் ஒன்றுதான் சொன்னார்.

"கதவு எப்படி இருக்கோ அப்படியே விட்டுட்டுப் போ தம்பி."

எங்கள் பக்கத்தில் நாலு வயதுப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். இவர் கட்டையைத் தூக்கி எறிந்து, கதவை அகலத் திறந்து, படம் எடுத்துவிட்டு அப்படியே போய்விட்டார். திறந்திருந்தால்தான் "ஆழம்" வருமாம்.

அச்சிட்டுப் பார்த்தால்... கதவு மூடியிருந்தது. இருபத்தைந்திலும். கம்ப்யூட்டரிலும். சனிக்கிழமை கண்காட்சி. திறந்த கதவு என்று ஊரெல்லாம் அழைப்பிதழ் போயிருந்தது. மறுபடி எடுக்காவிட்டால் மானம் போய்விடும். அதற்காகத்தான் அந்த மாலை, அந்த மண் சாலை.

கட்டை மறுபடி கதவில் ஏறியிருந்தது.

"அந்தம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடலாம்," என்றார் டெர்ரில்.

"நீ சட்டம் போடற ஆளு. படத்துக்குப் போடு, எனக்குப் போடாதே."

பிரெஸ்காட்டே கட்டையை எடுத்தார். கதவு திறந்தது... ஒரு வாசனை. ஈர மாடு. கறந்த சூட்டோடு பால். அங்கே முப்பது வருடமாக மாடே இல்லை. பிரெஸ்காட் மூக்கைப் பொத்திக்கொண்டு கேமராவோடு உள்ளே போனார்.

கிளிங்... மாட்டைக் கட்டும் கழுத்துச் சங்கிலி ஒன்று. அடுத்தது. அதற்கடுத்தது. வரிசையாக. பிறகு கதவு சாத்திக்கொண்டது... மெதுவாக, அவசரமே இல்லாமல். டெர்ரில் ஓடினார். கட்டை அதன் இடத்தில் இருந்தது. தூக்கிவிட்டுத் திறந்தார். கேமராவின் முக்காலி மட்டும் நின்றது.

லவோன் அம்மாள் டார்ச்சோடு வந்தார். கதவைச் சாத்தினார். கட்டையைப் போட்டார்.

"பால் கறக்கற நேரத்துல யாராச்சும் கதவைத் திறப்பாங்களா?"

போலீஸ் தேடியது. ஆள் கிடைக்கவில்லை. ஆனாலும் கண்காட்சி நடந்தது. ஆள் காணாமல் போன கதை மூடிய கதவுக்கு ரொம்பப் பொருந்திவிட்டதாம். இருபத்தைந்தும் அன்றே விற்றுப்போயின. வெட்கம் கெட்டவர்கள்.

மறுநாள் டெர்ரிலின் பூட்டிய பட்டறையில், மேசை மேல் இன்னொரு பிரதி. முழுக்கக் கறுப்பு. நடுவில் மேலிருந்து கீழாக விரல் அகலத்துக்கு ஒரு வெளிச்சக் கோடு. உள்ளே நின்று பார்த்தால் கதவிடுக்கு அப்படித்தான் தெரியும். ஓரத்தில் பிரெஸ்காட்டின் பென்சில் கையெழுத்து. 26/25.

அதற்கும் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார் டெர்ரில். வாராவாரம் அந்தக் கோட்டின் அகலத்தை அளக்கிறார். போன வாரம் நூல் அகலம்தான். நேற்று போனில் கேட்டேன்.

"கோடு போயிடுச்சுப்பா," என்றார். "ஆனா கண்ணாடியில மூச்சு பட்ட மாதிரி ஆவி படியுது... துடைக்க முடியலை. உள்பக்கமா படியுது."