எம்.பி. லண்டன்ல இருக்காரு சார்

அந்த நாற்காலியில உக்காராத கண்ணு, கண்ணாடித் தூள் இன்னும் கிடக்கு. இப்படி வா, ஹீட்டர் பக்கம். டீ வேணாமா? சரி. போலீஸ் ஸ்டேஷன்லேர்ந்து ஒரு ஆளை அனுப்புனாங்களே, அதுவே பெருசு. போன தடவை வாசக்கதவுல துரோகின்னு சிவப்புப் பெயிண்ட்ல எழுதிட்டுப் போனப்ப ஒருத்தரும் எட்டிப் பாக்கல. நானேதான் தின்னர் வாங்கித் தேய்ச்சேன்.

பேரா? க்ளெனிஸ் பிக்கரிங். இந்த ஆபீஸ்ல எல்லாமே நான்தான். எம்.பி. ஆல்டர்சன் லண்டன்ல இருப்பாரு, வெள்ளிக்கிழமை வந்து தலையைக் காட்டுவாரு. அவருக்கு விழ வேண்டிய திட்டெல்லாம் மத்த நாள்ல என் தலையிலதான் விழும்.

ஏன் திட்டறாங்கன்னா கேக்கற? நீ டிவியே பாக்க மாட்ட போல. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளிய போகணும்னு ஓட்டுப் போட்டு மூணு வருஷம் ஆகப் போகுதும்மா. நானும் போகணும்னுதான் போட்டேன், மறைக்கல. இந்த ஊர்ல போடாதவங்க யாரு? பிரதமரும் அங்க போய்ப் பேசி ஒரு ஒப்பந்தத்தைக் கொண்டாந்தாங்க. பார்லிமெண்ட்ல வெச்சாங்க, தோத்துச்சு. மறுபடி வெச்சாங்க, மறுபடி தோத்துச்சு. மூணாவது தடவையும் அதே கதி. நடுவுல, சரிப்பா, வேற என்னதான் வேணும்னு ஒவ்வொண்ணா ஓட்டுக்கு விட்டுப் பாத்தாங்க. ஒப்பந்தம் இல்லாமலே போலாமா? வேணாம். மறுபடி ஜனங்களையே கேக்கலாமா? வேணாம். போகாமலே இருந்துடலாமா? அதுவும் வேணாம். சின்னக் குழந்தை ரொட்டி வேணாம், முட்டை வேணாம்னு தட்டைத் தள்ளிட்டுப் பசிக்குதுன்னு அழும் பாரு, அந்த மாதிரி. குழந்தையா இருந்தா முதுகுல ரெண்டு வெக்கலாம்.

எங்காளு மூணு தடவையும் எதிர்த்துத்தான் போட்டாரு. கேட்டா, இது முழுசா வெளிய போறதில்லையாம், அரைகுறையாம். அங்க ஓட்டுப் போடறதுன்னா ஆமாங்கறதுக்கு ஒரு வாசல், இல்லைங்கறதுக்கு ஒரு வாசல், நடந்து போகணும். அவர்கூட அதே வாசல் வழியா போய் எதிர்த்துப் போட்டவங்க யாருங்கற? வெளியவே போகக் கூடாதுங்கறவங்க. கீரியும் பாம்பும் தோள்ல கை போட்டுக்கிட்டுப் போகுது, அதை நான் போன்ல விளக்கணும். போன வாரம் ஒரு அம்மா, உங்காளு போகணுங்கறாரா இருக்கணுங்கறாரான்னு கேட்டாங்க. போகணுங்கறதுக்காகத்தான் இருக்கற மாதிரி ஓட்டுப் போட்டாரும்மான்னுட்டேன். வாய் தவறி வந்துடுச்சு. ஆனா தப்பா ஒண்ணும் சொல்லலையே.

யார் மேல சந்தேகம்னா கேக்கற? வரேன், அதுக்குத்தான் வரேன்.

போன்ல முக்காவாசிப் பேரு கத்திட்டு வெச்சுடுவாங்க. ஒருத்தர் மட்டும் தினம் பண்ணுவாரு, நான் தபாலைப் பிரிச்சு முடிக்கற நேரமா பாத்து. பேரு சொல்ல மாட்டாரு. எம்.பி. இருக்காரான்னு கேப்பாரு. லண்டன்ல இருக்காரு சார், விஷயத்தைச் சொல்லுங்க, தெரிவிக்கறேன்பேன். அவ்வளவுதான், ஆரம்பிச்சுடுவாரு. கடல்ல மட்டிச் சிப்பி அள்ற படகு ஒண்ணு இருக்கு அவருக்கு. வெளிய வந்துட்டா நம்ம கடல் நமக்கேன்னாங்கல்ல, அதை நம்பிப் பெரிய எஞ்சின் மாட்டலாம்னு பழசைக் கழட்டிப் போட்டுட்டுப் படகைக் கரையில ஏத்திட்டாரு. மார்ச் கடைசியில வெளிய போறோம்னு நாள் குறிச்சிருந்தாங்களே, அதுக்காகப் படகு பூரா கொடி கட்டி, பீர் பெட்டி இறக்கி, சிநேகிதங்களை எல்லாம் கூப்ட்டு வெச்சிருந்தாரு. நாள் தள்ளிப் போச்சு. ஒருத்தரும் வரல. தனியா நின்னு கொடியை அவுத்தாரு மனுஷன். ஏப்ரல்னாங்க, அதுவும் போச்சு. இப்ப அக்டோபர்ங்கறாங்க. எஞ்சினை மாட்டவா, படகை வித்துட்டு வேற பொழப்பைப் பாக்கவா, எதையாவது ஒண்ணைச் சொல்லித் தொலைங்கடாம்பாரு. கெட்ட வார்த்தையும் வரும். கடைசியில மட்டும், நீங்க என்ன மேடம் பண்ணுவீங்க, உங்க வேலை அதுன்னுட்டுதான் வெப்பாரு.

மிரட்டலா? சேச்சே, ஒரு நாளும் இல்ல. பாதி நாள் படகுப் பேச்சே இருக்காது. முட்டி வலி, ராத்திரி தூக்கம் வரல, இதெல்லாம்கூட எம்.பி.க்குத் தெரியணும்பாரு. சொல்லிடறேன் சார்ம்பேன்.

போன வெள்ளிக்கிழமை ஆல்டர்சன் வந்து பாதுகாப்பு பாதுகாப்புன்னாரு. திரும்பத் திரும்பத் திட்டறவங்க நம்பரை எல்லாம் போன்ல வராம அடைச்சுடுங்க க்ளெனிஸ், உங்க நல்லதுக்குத்தான்னு பக்கத்துலயே நின்னாரு. வரிசையில படகுக்காரர் நம்பரும் வந்துச்சு. இந்த ஆளு பரவாயில்லைங்கன்னேன். எல்லாருக்கும் ஒரே விதின்னாரு. மூணு வருஷமா எதையும் முடிவு பண்ணாத மனுஷன், இதை மட்டும் ஒரு நொடியில முடிவு பண்ணிட்டாரு. அடைச்சுட்டேன்.

அப்புறம் போன் வரல. இன்னைக்கு பின் ரூம்ல கெட்டிலுக்குத் தண்ணி புடிச்சுட்டிருந்தேன், படார்னு சத்தம். ஓடி வந்தா ஜன்னல் இல்ல. எம்.பி. சிரிக்கற போஸ்டர் தரையில கிடக்கு. வெளிய ஒரு ஆளு போறாரு. ஓடல கண்ணு. கையைப் பாக்கெட்ல விட்டுட்டு, ஒரு காலை லேசா இழுத்து இழுத்து நடந்து போறாரு. திரும்பியே பாக்கல.

ஆமா, அவருதான். முகம் பாக்கல. பாக்கணும்னு இல்ல.

நம்பரா? மெஷின்ல எதுக்குத் தேடணும், எனக்கு மனப்பாடம். எங்க வீட்டு நம்பர்தான். எழுதிக்கோ, க்ளைவ் பிக்கரிங். என் வீட்டுக்காரரு.

ஏன் பேனா நின்னுடுச்சு? எழுது. கொடியை அவுத்த அன்னையிலேர்ந்து வீட்டுல ஒரு வார்த்தை கிடையாது. தட்டை வெச்சா சாப்பிடுவாரு, உப்பு வேணுமான்னா தலையாட்டுவாரு, டிவியில பார்லிமெண்ட்டைப் பாத்துட்டே உக்காந்திருப்பாரு. நானும் வீம்புக்கு வாயைத் திறக்கல. காலையில இங்க வந்து கோட்டைக் கழட்டி மாட்டி, தபாலைப் பிரிச்சா போன் அடிக்கும். அவர் என்னை மேடம்பாரு, நான் சார்ம்பேன். ஒரே கட்டில்லதான் படுக்கறோம், அவருக்குத் தூக்கம் வரலைங்கறதை நான் போன்லதான் தெரிஞ்சுக்கிட்டேன். அதையும் என் கையாலயே அடைச்சுட்டேன். அடைக்கச் சொன்னது எம்.பி.தான்னு வெள்ளிக்கிழமை ராத்திரியே வீட்டுல சொல்லிருக்கலாம். எப்படிச் சொல்றது? சொன்னா, போன் பண்றது அவருதான்னு எனக்குத் தெரியும்னு ஆயிடும்ல.

கேஸா? போடு கண்ணு, வேணாங்கல. கோர்ட்ல கொண்டு போய் நிறுத்துங்க. நான் எதிர்லயேதான் உக்காந்திருப்பேன். ஏன்யா இப்படிப் பண்ணேன்னு ஜட்ஜ் கேட்டா, என் முன்னாடி வாயைத் திறந்து பேசித்தானே ஆகணும்.