படைப்புக்கும் பரிணாமத்துக்கும் இடம் கொடுத்த பகுப்பாளர் அம்மையாருக்கு

அறிவின் அரணே! அடுக்குகளின் அரசியே! எண்ணால் ஏடுகளை ஆண்ட ஏந்தலே! எங்கள் நூலகத்தின் நூற்பகுப்பாளராய் வீற்றிருந்து இன்று விடைபெறும் அம்மையீர்! இம்மடலின் ஒவ்வொரு சொல்லும் உண்மை என்று, இங்குள்ளவற்றில் மிகக் கனமான அகராதியின் மேல் கைவைத்து உறுதி கூறுகிறோம்.

வந்த நூலை வாசலிலேயே வரவேற்று, வயிற்றைத் திறந்து வம்சம் கண்டு, முதுகில் எண் ஒட்டி முறையான வீட்டில் குடியேற்றும் கைராசி இனி யாருக்கு வரும்! சிரிப்பே வராத நகைச்சுவை நூலையும் நகைச்சுவை அடுக்கிலேயே வைத்த நடுநிலைத் தராசே! ஏன் என்று கேட்டோம். "அது என்னன்னு சொல்லிக்கிட்டு வந்துச்சோ, அங்க வைப்போம். மத்ததைப் படிக்கிறவங்க பாத்துக்குவாங்க" என்றீர்கள்.

அத்தகைய தங்களுக்கும் வந்தது சோதனை. உயிர்கள் ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்தன என்றொரு நூலும், அனைத்தையும் கடவுளே படைத்தார் என்றொரு நூலும் ஒரே பொதியில் வந்து இறங்கின. முன்னதை அறிவியலிலும் பின்னதைச் சமயத்திலும் வைத்தீர்கள். நம் நெடுநாள் வாசகரான சமயச் சொற்பொழிவாளருக்குப் பொறுக்கவில்லை. உலகம் வந்த கதையைத்தான் இரண்டும் சொல்கின்றன, அதற்கு மட்டும் ஆசனம், இதற்கு மூலையா என்று கேட்டு, படைப்பு நூலைத் தம் கையாலேயே அறிவியலுக்கு எடுத்துப் போனார். அதைக் கண்ட ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர், அங்கிருந்து அதைத் தூக்கிச் சிறுவர் கதைகளில் செருகினார். மாலையில் தாங்கள் அதைச் சமயத்துக்கே அழைத்து வந்தீர்கள்.

இவ்வாறு நாள்தோறும் நடந்து நடந்து, படைப்பு நூலுக்கு அடியில் சின்னஞ்சிறு கால்கள் முளைத்தன. தொட்டே பார்த்தோம். யாரும் அசைக்காத பரிணாம நூலோ, படைக்கப்பட்ட நாளில் இருந்தபடியே இருந்தது. இதை எடுத்துச் சொன்னபோது இருவருமே எங்களிடம் கோபித்துக்கொண்டனர்.

புகார் மேலிடம் போயிற்று. விசாரணை அதிகாரி வந்தார். உண்மை தெரியும்வரை இரண்டு நூல்களையும் பூட்டிய அலமாரியில் வைக்க வேண்டும், மறுத்தால் தங்களைப் பழைய நாளிதழ்க் கிடங்குக்கு மாற்றுவேன் என்றார். அந்த அலமாரியிலோ கரையானுக்கு மட்டும்தான் உறுப்பினர் அட்டை! உள்ளே போன நூல் வெளியே வந்த வரலாறு இல்லை.

"ரெண்டுல எதும்மா உண்மை? அதைச் சொல்லுங்க, இன்னொன்னை மட்டும் பூட்டிடலாம்" என்று இறங்கி வந்தார் அதிகாரி.

"சமயத்துக்கு அலமாரி இருக்கு சார். அறிவியலுக்கு இருக்கு. ஆட்டுக்கு வர்ற நோய்க்குக்கூட இருக்கு. உண்மைக்குன்னு ஒண்ணு யாரும் செஞ்சு தரலை. எது உண்மைன்னு நீங்களே முடிவு பண்ணி எழுத்துல அனுப்பிடுங்க. அதுவரைக்கும் ரெண்டும் வெளியில இருக்கட்டும்."

எழுத்தில் என்றதும் அதிகாரி பேனாவை மூடினார். கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனவர்தான். கடிதம் இன்னும் வரவில்லை. தாங்களும் கிடங்குக்குப் போகவில்லை, நூல்களும் அலமாரிக்குப் போகவில்லை. கடிதம் வந்ததா என்று விசாரிக்க அன்றாடம் வரும் சொற்பொழிவாளரும் ஆசிரியரும், காத்திருக்கும் பொழுதில், ஒருவர் நூலில் மற்றவர் குற்றம் தேடத் தொடங்கி, இப்போது மூன்றாம் அத்தியாயத்தில் இருக்கிறார்கள். இதோ, முன்வரிசையில் அமர்ந்து இம்மடலைக் கேட்கவிடாமல் கிசுகிசுப்பவர்கள் அவர்களே!

அடுக்கிக் களைத்த கரங்கள் இனி அமைதி காண்க! கண்ணொளி குன்றாமல், கால்வலி காணாமல், நூறாண்டு நலமுடன் வாழ்க! வீட்டில் தங்கள் கணவரை எந்த அடுக்கில் வைப்பது என்ற ஐயம் எழுந்தால், அவர் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்வதை நம்பி வைத்துவிடுமாறு பணிந்து வேண்டுகிறோம்.

பிரிய மனமின்றி,
கொடுக்கல் வாங்கல் மேசையினர், நூல் கட்டுநர், காவலாளி உள்ளிட்ட ஊழியர் அனைவரும்

குறிப்பு: நமது நூலகத்தில் நூல்கள் அன்றுமுதல் இன்றுவரை பொருள் பார்த்து அல்ல, உயரம் பார்த்தே அடுக்கப்படுகின்றன.