வீட்டின் பின்பாதி

ரோஜாப் பாத்திக்கு ஓரம் கட்ட உருண்டைக் கல்லைவிட உடைத்த கல்தான் நல்லது. ஒன்றையொன்று கவ்விக்கொண்டு நிற்கும். புல் உள்ளே நுழையாது. வர்பா தெருவில் என் தோட்டத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் அந்தக் கற்களைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். ஓடைக்கரையில் பொறுக்கியது என்று சொல்லிவந்தேன். அது முழுப் பொய் இல்லை.

நான் இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தது எங்கள் தெருவுக்கு மழைநீர்க் குழாய் போட்ட பொறியாளர் மிலெவுக்காக. ஓடைக்கரை மண் சரிந்ததற்கு அவர்தான் காரணம் என்று வேலையிலிருந்து நிறுத்திவைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அது நியாயம் இல்லை. அந்தப் பிள்ளை தன் வேலையைச் சரியாகத்தான் செய்தார். என் பெயர் ஸ்லாதினா. வயது அறுபத்திரண்டு. முப்பது வருடம் தபால் நிலையத்தில் இருந்தவள். எதையும் வரிசையாகச் சொல்லித்தான் பழக்கம்.

எங்களுடையது தெருவின் கடைசி வீடு. முன்னால் தெரு, பின்னால் ஓடை. அப்பா சாகும்போது வீட்டை எனக்கும் அண்ணன் குரூமுக்கும் பாதிப் பாதியாக எழுதிவைத்தார். எந்தப் பாதி யாருக்கு என்று எழுதவில்லை. முன்னறையில் நான், ஓடையைப் பார்த்த பின்னறையில் அவர், நடுவில் இருவருக்கும் பொதுவான சமையலறை. பிரிக்காத பாதி வீட்டை வாங்க பல்கேரியாவில் எங்கேயும் ஆள் கிடைக்காது. முழு வீட்டை விற்க அண்ணன் சம்மதிக்கவில்லை. இப்படி முப்பத்து நான்கு வருடம்.

அண்ணன் கெட்டவர் இல்லை. பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்தார். காலையில் சீட்டியடிப்பார். காப்பி வேண்டுமென்றால் சுவரில் மூன்று முறை தட்டுவார். எனக்கு இருபத்தெட்டு வயதில் வெந்சிஸ்லாவ் என்ற ரயில்வேக்காரர் என்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டார். அவருக்கு ரூசே நகரத்துக்கு மாற்றலாகியிருந்தது. அண்ணனிடம் சொன்னேன்.

"போயேன்டி. உன் காலை யாரு கட்டிப்போட்டிருக்கா? கல்யாணத்துக்கு ரெண்டு ஆட்டை நானே அறுக்கிறேன்."

"அப்ப வீட்டை வித்துரலாம்ணே."

"வீட்டை எதுக்கு விக்கணும்? நாளைக்கு அவன் மூஞ்சி உனக்குப் பிடிக்காமப் போச்சுன்னா எங்க வந்து நிப்ப?"

இதைத்தான் பிடித்துவைத்தல் என்கிறேன். நான் போயிருந்தால் என் பாதியும் அவர் கைக்குப் போயிருக்கும். வெந்சிஸ்லாவ் இரண்டு குளிர்காலம் காத்திருந்தார். பிறகு கடிதம் வரவில்லை. வந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். கடிதங்களைப் பிரித்து அடுக்கியவளே நான்தான்.

மழைத்தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் தெரு சரிவில் இருக்கிறது. பலத்த மழை பெய்தால் மேலே மூன்று தெருக்களின் தண்ணீரும் இறங்கி வந்து பன்னிரண்டு வீடுகளின் நிலவறைகளிலும் புகுந்துவிடும். குளிர்காலத்துக்கு என்று வைத்த முட்டைக்கோஸ் பீப்பாய்கள் மிதக்கும். தெருக் குழுவின் செயலாளர் நான். நான்கு வருடம் நகராட்சிக்கு மனு எழுதினேன். கடைசியில் பெரிய குழாய் போட அனுமதி வந்தது. மிலெவ் எங்கள் சமையலறை மேசையில்தான் வரைபடத்தை விரித்தார்.

குழாயை ஓடையில் எந்த இடத்தில் விடுவது என்பதுதான் கேள்வி. பாலத்துக்குக் கீழே கரை பாறையாக இருக்கும். அங்கே விட்டால் யாருக்கும் கெடுதல் இல்லை, ஆனால் வேலை முடிய இன்னொரு வருடம் ஆகும். எங்கள் வீட்டுக்குப் பின்னால் விட்டால் அந்தக் கோடையிலேயே முடிந்துவிடும். நான் பின்னால் விடச் சொன்னேன்.

"அம்மா, இந்தக் கரை வெறும் மணலும் களிமண்ணும். மூணு தெருத் தண்ணி ஒரே இடத்துல வந்து அடிச்சா அரிச்சுத் தின்னுரும்," என்றார் மிலெவ். "குழாய் வாயில பெரிய கல்லாப் பரப்பிர்றேன். அடுத்த வருஷம் கரையோரமா கம்பிக்கூடையில கல் அடுக்கிருவோம். அதுவரைக்கும் ஒரு கல்லுகூட நகராம நீங்கதான் பாத்துக்கணும்."

"பாத்துக்கிறேன்" என்றேன்.

அண்ணனின் கையெழுத்தும் தேவைப்பட்டது. அவர் படிக்கக்கூட இல்லை. "தெருக்காரங்க நனையாம இருக்கட்டும். நாம ஓடைக்குப் பழகுனவங்கதானே," என்று சிரித்தபடி போட்டார். நான் நீட்டிய காகிதங்களில் அவர் கையெழுத்திட்டது அது ஒன்றுதான்.

அந்த இலையுதிர்காலத்தில் எல்லா நிலவறைகளும் உலர்ந்திருந்தன. எதிர்வீட்டு டிம்கா பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனித்சா அடுக்கு ரொட்டியைத் தட்டோடு கொண்டுவந்து, "உன்ன மாதிரி மனசு யாருக்குடி வரும்," என்று என் கன்னத்தில் முத்தமிட்டாள்.

முதல் கல்லை நான் எடுத்தது ரோஜாவுக்காகத்தான். அதை நம்பலாம். ஒற்றைச் சக்கர வண்டியில் இரண்டு கல் ஏற்றிவந்தேன். அடுத்த மழைக்குப் பிறகு போய்ப் பார்த்தபோது, கல் இல்லாத இடத்தில் கரை ஒரு சாண் உள்ளே போயிருந்தது. அங்கிருந்து அண்ணனின் பின்னறைச் சுவர் வரை எத்தனை அடி என்று கால் வைத்து எண்ணினேன். மறுநாள் மாலை மறுபடி வண்டியை எடுத்துக்கொண்டு போனேன்.

அவசரப்படவில்லை. மூன்று வருடம் ஆயிற்று. கம்பிக்கூடை போடும் நேரம் வந்தபோது, எங்கள் கரை உறுதியாக இருக்கிறது, அந்த வேலையை மேல்தெரு வாய்க்காலுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று தெருக் குழு சார்பில் கடிதம் எழுதினேன். வருடத்துக்கு இரண்டு முறை வரும் ஆய்வுப் படிவத்தில் 'மாற்றம் எதுவும் இல்லை' என்று எழுதியதும் நான்தான். ஆவணங்களில் இருக்கும், கையெழுத்தை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

இந்த வருடம் ஏப்ரலில் பின்னறைச் சுவரில் விரிசல் விட்டது.

"ஸ்லாதா, சுவரு வாயத் தொறக்குதுடி. இன்னும் ரெண்டு நாள்ல என்கூடப் பேச ஆரம்பிச்சிரும்."

"பழைய வீடுண்ணே. பூசிவிட்டாச் சரியாயிரும்."

செய்தித்தாளைத் திணித்து, சுண்ணாம்பு பூசி, வெள்ளையடித்தேன். ஆனால் சுவர் சாய்ந்ததில் கதவுச் சட்டம் கோணிவிட்டது. மழை பெய்து மரம் ஊறினால் அண்ணனால் உள்ளிருந்து கதவைத் திறக்க முடியாது. தட்டுவார், சமையலறையிலிருந்து நான் தோளால் முட்டித் திறந்துவிடுவேன். ஜன்னல் வழியாக இறங்கலாம் என்றால் அதற்குக் கீழே கால் வைக்க மண் இல்லை. என் தோள் இல்லாமல் அவர் எங்கேயும் போக முடியாது. அதில் எனக்கு ஓர் ஆறுதல் இருந்தது என்பதை மறைக்கப்போவதில்லை.

ஜூன் பத்தொன்பதாம் தேதி மதியம் ஒரு மணிக்கு மழை பிடித்தது. இரண்டரைக்கு ஓடை பழுப்பாகி, குழாய் உறுமும் சத்தத்தில் சமையலறைக் கோப்பைகள் நடுங்கின. அண்ணன் சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போயிருந்தார். மூன்று மணிக்குத் தீயணைப்பு வீரர் ஒருவர் முன்வாசலைத் தட்டினார். சின்ன வயது, முகமெல்லாம் சேறு.

"அம்மா, உடனே வெளிய வாங்க. கரை இறங்குது. வீட்ல வேற யாராவது இருக்காங்களா?"

அப்போது பின்னால் கதவு தட்டப்பட்டது. மூன்று முறை. பிறகு எண்ண முடியாதபடி.

"யாரும் இல்ல" என்றேன்.

"அது என்ன சத்தம்?"

"கூரைத் தண்ணி இறங்குற தகரக் குழாய். மழை பெஞ்சா அப்படித்தான் அடிச்சுக்கும்."

அவர் என் தோளுக்கு மேலாக ஒருமுறை எட்டிப்பார்த்தார். களைத்திருந்தார், இன்னும் பல வீடுகளுக்குப் போக வேண்டியிருந்தது. அவரைக் குறை சொல்லாதீர்கள். நான் குடையை எடுத்துக்கொண்டு, முன்கதவைப் பூட்டிவிட்டு டிம்கா வீட்டுக்குப் போனேன். பூட்டியது வெறும் பழக்கம்.

டிம்கா தேநீர் கொடுத்தாள். "குரூம் அண்ணன் எங்க?" என்று கேட்டாள். காலையிலேயே கடைத்தெருவுக்குப் போனதாகச் சொன்னேன். தேநீரைக் குடித்து முடிப்பதற்குள் எங்கள் வீட்டின் பின்பாதி ஓடைக்குள் இறங்கியது. பெரிய சத்தம் கேட்கும் என்று நினைத்திருந்தேன். லாரியிலிருந்து சரளைக் கல்லைக் கொட்டுகிற அளவுக்குத்தான் கேட்டது. அண்ணனை மறுநாள் பாலத்துக்குக் கீழே எடுத்தார்கள்.

எனவே இப்படி எழுதிக்கொள்ளுங்கள். பொறியாளர் பரப்பிய கற்களை அகற்றியது நான். படிவங்களில் பொய் எழுதியது நான். என் அண்ணன் குரூம் உள்ளே கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தே, யாரும் இல்லை என்று சொன்னது நான். மிலெவைத் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அன்றைய மழையிலும் பன்னிரண்டு நிலவறைகளில் ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கவில்லை. அதையும் சேர்த்து எழுதுங்கள்.

இவ்வளவும் செய்தது வெளியே போவதற்காக என்றால், ஏன் இன்னும் அங்கேயே இருக்கிறீர்கள் என்று கேட்டீர்கள். நகராட்சி எனக்கு ஊருக்குள் வீடு கொடுத்தது உண்மைதான். மூன்றாவது மாடி, வெயில் விழும் பால்கனி, ஓடை கண்ணுக்கே தெரியாது. இரண்டு முறை சாவியைக் கொண்டுவந்து நீட்டினார்கள். இரண்டு முறையும் வேண்டாம் என்றேன். என் முன்னறை அப்படியேதான் இருக்கிறது. வாசலில் சிவப்பு நாடா கட்டியிருக்கிறார்கள், குனிந்து உள்ளே போய்விடுவேன். நான் பாட்டுக்கு வீட்டை விட்டுவிட்டுக் கிளம்பிவிட முடியுமா, சொல்லுங்கள்? அண்ணன் விடமாட்டார்.